குறைவாக விழித்த ஏழு மாதம்

நெடுங்கரட்டில் சூரியன் தன் பாட்டுக்கு உதிக்கும், சேவல்கள் தம் பாட்டுக்குக் கூவும், ஆனால் ஊர் விழிப்பதென்னவோ பேரூராட்சிச் சங்குக்குத்தான். காலை நாலே முக்காலுக்கு அது ஊதினால்தான் எங்கள் கண் திறக்கும், கம்பம் சாய்ந்து மின்சாரம் போன ஓர் ஆடி மாதத்தில் அது ஊதாமல் போனபோது பத்தரை மணி வரைக்கும் ஊரே தூங்கியதும், வெளியூரிலிருந்து வந்த வாத்தியார்கள் பூட்டிய பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்று திரும்பிப் போனதும் உண்டு. சங்கை ஊதியது ஒரு கம்ப்யூட்டர். ஏதோ ஒரு திட்டத்தில் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மோட்டார் அறையில் உட்கார்ந்த அந்தக் கம்ப்யூட்டர்தான் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது சங்கு ஊதுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டது. சாயங்காலம் அதை அணைப்பதும் விடியுமுன் போட்டுவிடுவதும் திரவியத்தின் வேலை. அதற்காக அவன் நாலு மணிக்கே எழுந்துவிடுவான். அவனையும், பால் கறக்கிற ஏழெட்டுப் பேரையும், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரையும், இடியாப்பம் அவித்து விற்கிற சபுராம்மாவையும் தவிர்த்தால் எங்கள் ஊரில் சங்குக்கு முன்னால் விழிக்கிறவர் யாரும் இல்லை.

திரவியம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பின்னால் அவனே வீடு வீடாக வந்து சொன்னான். அப்படித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

திரவியத்துக்கும் சுகந்திக்கும் ஒரே மகள், தாரிகா. இரண்டாம் வகுப்பு படித்தாள். ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல், பத்தொன்பதாம் தேதி அவளைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள் காலை சுகந்தி குளித்து, தக்காளிச் சாதம் கிளறி, மகளுடைய மஞ்சள் டப்பாவில் அடைத்து, எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். மத்தியான மணி அடித்தது, பிள்ளைகள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், உள்ளே போனார்கள். டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாளும் போனாள். கார்த்திகையிலும் போனாள், தையிலும் போனாள். அவள் சாப்பிடுவது நின்று, பேச்சும் நின்று, அந்த நடை மட்டும் நிற்கவில்லை. முதலில் அவளோடு அழுத நாங்கள், மாசி வந்தபோது அவள் வருகிற தெருவை விட்டு வேறு தெருவில் நடக்க ஆரம்பித்திருந்தோம். திரவியம் அழவே இல்லை. அவளைச் சாப்பிட வைக்கவும் தூங்க வைக்கவுமே அவனுக்குப் பொழுது சரியாக இருந்தது.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் கோடை இடி ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. கம்ப்யூட்டர் எழ முயல்வதும் பாதியில் சரிவதுமாக இருந்தது. திரவியம் மாவட்டத் தலைநகரில் இருந்த பொறியாளருக்குப் போன் போட்டான்.

"பதறாதீங்க," என்றார் அவர். "மிசின் எந்திரிக்கும்போது எதையெல்லாம் கூட எழுப்பணும்னு உள்ளுக்குள்ள ஒரு பட்டியல் வச்சிருக்கும். அதத் திருத்துறதுக்குப் பொத்தான் கித்தான் கெடையாது. கறுப்பா ஒரு திரை தொறந்து, வரியா எழுதித்தான் சொல்லணும். ரெண்டு வரி சொல்றேன், எழுதிக்குங்க. மொத வரி அடிச்சா ரொம்ப அவசியமானத மட்டும் எழுப்பிக்கிட்டு எந்திரிக்கும். சேஃப் மோடும்பாங்க. எந்திரிச்சதும் கெட்டுப்போனத நீக்கிருங்க. அப்புறம் மறக்காம ரெண்டாவது வரிய அடிச்சிருங்க. அடிக்கலேன்னா எத்தன தடவ அணைச்சுப் போட்டாலும் அப்படியேதான் எந்திரிக்கும்."

திரவியம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். முதல் வரியை அடித்தான். மிசின் எழுந்தது, எழுத்தெல்லாம் பெரிதாக, நிறமெல்லாம் சொற்பமாக, திரையின் நான்கு மூலைகளிலும் 'சேஃப் மோடு' என்று வெள்ளை ஆங்கில எழுத்துகளோடு எழுந்தது. கெட்டுப்போனதை நீக்கினான். இரண்டாவது வரிக்காகத் தாளைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. பள்ளிக்கூட ஆயா செல்லக்கிளி.

"அண்ணே, அக்கா வாசல்ல மயங்கி விழுந்துட்டாங்கண்ணே, ஓடியாங்க!"

தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். வெயிலில் விழுந்து கிடந்தவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மோர் ஊற்றி, பாதத்தைத் தேய்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்ததும் பழக்கத்தில் போய் மிசினை அணைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் விடியுமுன் அதைப் போட்டான். அது குறைவாக எழுந்தது. குறைவாக எழுந்த மிசின் சங்கை ஊதியது, அந்தச் சங்கைக் கேட்டு நெடுங்கரடும் குறைவாக எழுந்தது.

திரவியம் வெளியே வந்தபோது வானத்தின் நான்கு மூலைகளிலும் அந்த வெள்ளை எழுத்துகள் நின்றிருந்தன. ஒன்று கரட்டுக் குன்றுக்கு மேலே, ஒன்று பழைய பஞ்சாலைப் புகைபோக்கிக்கு மேலே, ஒன்று பேருந்து நிலையத்துக்கு, ஒன்று கண்மாய்க்கு. மழைக்குறி பார்க்கிறவன் போலக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் சுகந்தி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான், ஐந்து மாதமாகக் கேட்கிற கேள்வியை, பதிலை எதிர்பார்க்காமல்.

"சாப்பிட்டேன். நாலு தோச. ஒங்களுக்குச் சட்னி போதுமா, பொடி வைக்கவா?"

அவன் வாசலிலேயே நின்றான். அடுப்பு மேடையில் மஞ்சள் டப்பா இல்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போகலையா?"

"அங்க எனக்கு என்ன வேல?" என்றாள் சுகந்தி. அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ தபாலாபீசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். திரவியம் ஆறு தோசை சாப்பிட்டான். அன்று பகலில், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, அசந்து தூங்கினான்.

நாங்கள் எப்படி இருந்தோம் என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தோம் என்று சொல்ல வேண்டும், அதுதான் இப்போது சொல்லக் கூசுகிறது. முதல் வாரம் எல்லோரும் வானத்து எழுத்தைப் பார்த்தோம், இரண்டாம் வாரம் அதை வைத்து வழி சொல்ல ஆரம்பித்தோம், கரட்டு எழுத்துக்குக் கீழே மூன்றாவது வீடு என்றால் தபால்காரருக்கே சுலபமாக இருந்தது. மழை பெய்தபோது அந்த எழுத்துகளுக்கு நேர் கீழே மட்டும் நனையாமல் கிடந்த தரையில் பெண்கள் வற்றல் காயப்போட்டார்கள், கொக்குகள் எழுத்தின் வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பறந்தன, பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே ஆங்கிலம் எழுதப் பழகினார்கள். எங்கள் கண்ணுக்கு எல்லாம் பெரிதாகவும் சொரசொரப்பாகவும் தெரிந்தன. கிழவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டீசு படித்தார்கள், அதில் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் எல்லாம் பெரிதானதால் கண்ணுக்குள் எதுவும் அதிகம் கொள்ளவில்லை, நின்ற இடத்திலிருந்து தெருமுனை வரைக்கும்தான் பார்வை போனது. நிறங்கள் பதினாறாகச் சுருங்கின. எலுமிச்சையும் மஞ்சளும் ஒன்று, கிளிப்பச்சையும் வாழைப்பச்சையும் ஒன்று, ஜவுளிக்கடையில் புடவை எடுக்கப் போன பெண்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பினார்கள்.

பாட்டு எழவில்லை. வைகாசியில் ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் கன்னம் புடைக்க ஊதினார், காற்றுதான் வந்தது, ஊதுவதை நிறுத்திவிட்டு அவரும் பந்தியில் உட்கார்ந்தார். தாலி கட்டியாயிற்று, சாப்பாடு நன்றாக இருந்தது, ஒருவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. கனவு எழவில்லை. சண்டையும் எழவில்லை, ஒரு குட்டிச்சுவருக்காகப் பதினாறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு நாள் அந்தச் சுவரைப் பார்த்து நின்று, இதற்கு எதற்கு வழக்கு என்று பேசிக்கொண்டு, திரும்பப் பெற்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா செடி வளர்த்தார். பேரூராட்சித் தலைவி புகார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார், காலி. வானத்து எழுத்துகளால் ஊருக்குத் தொந்தரவு ஏதும் இல்லை என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார், எல்லோரும் கை தூக்கினோம்.

ஊருக்கு வெளியே இருந்தவர்களை எங்களுக்கு நினைவில்லாமல் போயிற்று. திருப்பூரில் வேலை செய்த பிள்ளைகளும், கட்டிக்கொடுத்த பெண்களும், துபாயில் இருந்த புருஷன்மாரும் போன் செய்தார்கள், யாருடைய நம்பரோ என்று வைத்துவிட்டோம். பதறிப்போய் நேரில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டோம். அழுதார்கள், சத்தம் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆவணியில் பெரிய வாத்தியார் செத்தார், ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் வட்டமாக நின்று, என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள், பாடையைத் தூக்கினோம், கொள்ளி வைத்தோம், ஒன்பதரைக்கெல்லாம் கடையைத் திறந்துவிட்டோம்.

சங்குக்கு முன்னால் விழித்துவிடுகிற பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும், முந்திய நாள் எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். பால்காரர்கள் மாட்டோடு பேசிக்கொண்டார்கள். மோதினார் ஊர் மாறியதைப் பற்றி யாரிடமும் பேசாமல் தொழுகையை நீட்டினார்.

திரவியம் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். கறுப்புத் திரையைத் திறந்து, மிசின் வைத்திருக்கும் பட்டியலைக் காட்டச் சொல்லி ஒரு வரி அடித்தான். வரிசையாக வந்ததில் கடைசியில் இருந்தது, 'குறைந்தபட்சம்' என்று அர்த்தமுள்ள அந்த ஒரு சொல். இரண்டாவது வரி எழுதிய தாள் விசைப்பலகைக்கு அடியிலேயே கிடந்தது. பாதி அடித்தான். அடித்துக்கொண்டிருந்தபோது, அன்று காலை சுகந்தி இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான், மறுநாளும் அப்படியே நினைத்தான், சித்திரை முழுக்க அப்படியே நினைத்தான், வைகாசியில் நினைப்பதையும் விட்டுவிட்டான்.

வைகாசியில் ஒரு நாள் சுகந்தி வீட்டைச் சுத்தம் செய்தாள். அவசியமில்லாதது எதையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது ஊரில் யாருக்கும் இல்லை. பழைய பிளாஸ்டிக்குக்குக் குடம் கொடுக்கிறவன் வண்டியோடு வந்திருந்தான். மஞ்சள் டப்பாவையும், தண்ணீர் பாட்டிலையும், சின்னச் செருப்பையும், வளையல்களையும் அள்ளி அவன் சாக்கில் போட்டாள். துணி மூட்டையைத் தனியாகக் கட்டியிருந்தாள்.

"இந்தச் சட்டையெல்லாம் யாருக்குங்க? நமக்குப் பத்தாது."

திரவியம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சட்டையை மட்டுமாவது வாங்கி ஒளித்து வைத்திருக்கலாம். பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தான்.

"குடுத்துரு," என்றான்.

ஊதா நிறத்தில் ஒரு குடம் வந்தது. நல்ல கனமான குடம் என்று சுகந்தி சொன்னாள்.

சபுராம்மாவின் புருஷன் காதர் மைதீன் தையல்காரர். வயதாகிக் கை நடுங்கியதால் தைப்பதை விட்டவர், சங்கு ஊதினாலும் இன்னும் ஒரு புரளல் புரண்டுவிட்டு எழுகிறவர். அவர்களுடைய ஒரே மகள் ரஷீதாவைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். போனில் அத்தாவின் குரல் அந்நியமாக இருந்ததால், ஆடி மாதம் அவள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். காதர் மைதீன் எழுந்து நின்று, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா. யாரு வீட்டுக்கு வந்தீங்க? வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டார். ரஷீதா இரண்டு நாள் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். மறுநாள் விடியுமுன் சபுராம்மா இடியாப்பக் கூடையை இடுப்பில் வைத்தபடி மோட்டார் அறைக்கு வந்தார்.

"தம்பி, இந்தச் சன்னல் வழியா ஒன் பொட்டியப் பாத்தேன். நாலு மூலையிலயும் எழுத்து. வானத்துலயும் அதே எழுத்து. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா உருவம் தெரியும்."

திரவியம் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு. இத மாத்த முடியுமா, முடியாதா?"

"ஒரு வரி அடிக்கணும்க்கா. ஒரே வரி."

"ஒரு வரியா?" சபுராம்மா கூடையைக் கீழே வைத்தார். "பெறகு ஏன் தம்பி இத்தன மாசம்?"

அவன் சொன்னான். சுகந்தி சாப்பிடுவதை, தூங்குவதை, கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்ப்பதை எல்லாம் சொன்னான். "அவ இப்பத்தான்க்கா மனுசியா இருக்கா. ஐப்பசி பத்தொம்பது வந்தா மொத வருசம். அந்த ஒரு நாள மட்டும் அவ தாண்டிரட்டும். இருவதாம் தேதி காலையில கண்டிப்பா அடிச்சிர்றேன்."

சபுராம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். காதர் மைதீனைச் சங்குக்கு முன்னால் உலுக்கி எழுப்பிப் பார்த்ததாகவும், முந்திய நாள் எப்படி எழுந்தாரோ அப்படியே இருந்தார் என்றும், தலைவியிடம் போய்ச் சொன்னதற்கு ஊர் நிம்மதியாகத்தானே இருக்கிறது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார் என்றும் சொன்னார். பிறகு கூடையை எடுத்தார்.

"நானும் புள்ள பெத்தவதான். ஒன் பொண்டாட்டிக்காகப் போறேன். இருவதாம் தேதி."

அப்படி ஒத்துக்கொண்டதற்காக அவர் தன்னையே கடைசி வரை மன்னிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி பதினேழாம் தேதி காலை காதர் மைதீனுக்கு நெஞ்சு வலித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். ரஷீதா அழுது வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தாள். சபுராம்மா செருப்பில்லாமல் மோட்டார் அறைக்கு ஓடிவந்தார்.

"இப்பவே அடி தம்பி. மவுத்துக்கு நேரமாயிருச்சு, இன்னிக்குத் தாங்க மாட்டாரு. மக பக்கத்துல இருக்கா, அந்த மனுசனுக்கு யாருன்னே தெரியல."

திரவியம் தாளை எடுத்தான். அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்து, நான்காம் தடவை சரியாக அடித்தான். மிசினை அணைத்துப் போட்டான். ஏழு மாதத்துக்குப் பிறகு அது முழுசாக எழுந்தது. ஆனால் விழித்திருக்கிறவர்களைச் சங்கு எழுப்பாது, தூங்குகிறவர்களைத்தான் எழுப்பும்.

"அவரு கொஞ்சம் கண்ணசரணும்க்கா. அசந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. அந்த நிமிசமே ஊதுறேன்."

சபுராம்மா ஓடினார். அடுத்து நடந்ததை ரஷீதாதான் சொன்னாள். அவள் அத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவி, தூங்குங்க அத்தா, கொஞ்சம் கண்ண மூடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சபுராம்மா விளக்கை அணைத்தார், சன்னலைச் சாத்தினார், விசிறியால் விசிறினார். காதர் மைதீனுக்குக் கண் செருகியது. செருகும்போதெல்லாம் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

"ஏன் இவுகளே, செத்த நேரம் தூங்கினா என்ன?" என்றார் சபுராம்மா.

"விருந்தாளி ஒக்காந்திருக்காக," என்றார் அவர், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "பச்சப் புள்ளையோட வந்திருக்காக. அழுதுக்கிட்டிருக்காக. நான் எப்படித் தூங்குறது?"

ரஷீதா எழுந்து வெளியே ஓடினாள், தான் போய்விட்டால் தூங்கிவிடுவார் என்று. வாசல் படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, சாப்பிடாமல் அனுப்பாதே என்று இரண்டு தடவை சபுராம்மாவிடம் சொன்னார். கண் மூடவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்தில், மூடாத கண்ணோடேயே போய்விட்டார். சபுராம்மாவிடமிருந்து போன் வந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்துத் திரவியம் சங்கின் பொத்தான் மேல் கையை வைத்தான். ஊத வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருந்தார்.

மறுநாள் நாலே முக்காலுக்குச் சங்கு ஊதியது, நாங்கள் முழுசாக விழித்தோம்.

வானத்தில் எழுத்து இல்லை. கண் திறந்ததும் வேப்பமரத்தில் எண்ண முடியாத பச்சைகள் தெரிந்தன, அதைப் பார்த்து வியப்பதற்குள் ஏழு மாதத்துக் கணக்கும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. யாரென்று கேட்டு மகனைத் திருப்பி அனுப்பிய தாய் இரவு உடையோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள், எல்லா வீட்டிலும் போனில் மன்னிப்புக் கேட்கும் குரல், நாயனக்காரர் தன் வீட்டு முற்றத்தில் அழுகையும் முகாரியுமாக ஊதினார், பெரிய வாத்தியாரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராகச் சுடுகாட்டுக்குப் போய் வெறும் தரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள், ஒப்பாரிக்காரப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே தெருவில் வட்டம் கூடி மார்பில் அடித்துக்கொண்டார்கள், குட்டிச்சுவர் அண்ணன் தம்பி ஒருவரையொருவர் கண்டபடி ஏசிவிட்டு, ஏச்சு தீர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்கள். காதர் மைதீனின் உடலைத் தூக்கும்போது ஊரே கூடி நின்று அழுதது. எங்கள் எல்லோருடைய சட்டையையும் தைத்துக் கொடுத்தவர். ரஷீதா அழவில்லை. அவளுக்கு அழுகை முந்திய நாளே தீர்ந்துபோயிருந்தது.

சுகந்தி விழித்ததும் அடுக்களைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பரணில் ஏறினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. திரவியம் வந்தபோது, ஊதாக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் குடுக்கும்போது நீங்க நின்னீங்க," என்றாள்.

"நின்னேன்."

"ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு."

"தெரிஞ்சிருந்துச்சு, சுகந்தி." அவன் எல்லாவற்றையும் சொன்னான், முதல் வரி, இரண்டாவது வரி, அழித்த எழுத்துகள், இருபதாம் தேதி. "நீ சாப்பிட்ட. அதப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு இருந்துச்சு."

அவள் குடத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"நான் பைத்தியமா நிக்கல அங்க," என்றாள். "மத்தியானம் மணி அடிச்சதும் அவ வகுப்புப் புள்ளைங்க வரும். ஒவ்வொரு நாளும் ஒரு புள்ள எங்கிட்ட வந்து, தாரிகா அன்னிக்கு அப்படிச் சொன்னா, இப்படிச் சிரிச்சான்னு ஒண்ணு சொல்லும். அதுக்குத்தான் போனேன். இப்ப அதுக எல்லாம் மூணாப்பு. அதுகளுக்கும் மறந்திருக்கும்."

ஊர் திரவியத்தை ஒன்றும் செய்யவில்லை. வீடு வீடாக வந்து அவன் சொன்னதைக் கேட்டோம். சிலர் கதவைச் சாத்தினோம், சிலர் கூட உட்கார்ந்து அழுதோம், இரண்டு மூன்று பேர் தனியாக அவனைக் கூப்பிட்டு முதல் வரியை இன்னொரு தடவை அடிக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டதும் உண்டு. முடியாது என்று சொல்லிவிட்டான். மன்றம் கூடி, இரண்டாவது வரியை மோட்டார் அறையின் வெளிச்சுவரில் யாரும் படிக்கும்படி பெயிண்டில் எழுத வைத்தது. அவனைத் தவிர அந்த மிசினைத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் வேலை அவனிடமே இருந்தது.

சுகந்தி அவனை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், பேசினாள், சாப்பிட்டாள். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து நாலு மணிக்கு முன்பே எழுந்து, சபுராம்மா வீட்டுக்குப் போய் இடியாப்பம் பிழியத் தொடங்கினாள். அதன் பிறகு சங்கு ஒரு நாளும் அவளைத் தூக்கத்தில் பிடிக்கவில்லை. மோட்டார் அறைக்குப் போகிற வழியில்தான் அந்த வீடு. திரவியம் கடந்து போகும்போது சன்னலில் விளக்கு எரியும், ஆவி பறக்கும், இரண்டு பெண்களும் பேசுவது கேட்கும். சில நாள் சுகந்தி அழுவது கேட்கும். அவன் முன்னால் அவள் அழுவதில்லை.

மார்கழியில் ஒரு நாள் அவன் கடந்து போகையில் உள்ளே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாரிகாவுக்கு ழகரம் வராது என்று சுகந்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்தை அவள் எப்படிச் சொல்வாள் என்று அதே குரலில் சொல்லிக் காட்டினாள், அதற்குள் அச்சில் மாவு அழுந்துகிற சத்தமும் சபுராம்மாவின் சிரிப்பும் அதை மூடிவிட்டன. திரவியம் நின்றான். அவன் அந்த ஏழு மாதமும் முழுசாக விழித்திருந்தவன், ஒரு நாளும் எதுவும் குறையாமல் எழுந்தவன். மகள் வாழைப்பழத்தை எப்படிச் சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தான். அவள் குரல் வரவில்லை. எந்தச் சொல்லிலும் வரவில்லை.

சுகந்தி இன்னொரு தடவை சொல்லிக் காட்டுவாளா என்று பனியில் காத்துக்கொண்டு நின்றான். உள்ளே பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. நாலரை ஆகியிருந்தது. அவன் நடந்து போய் அறையைத் திறந்தான்.